‘எம்புள்ள நடந்துடுவானா டாக்டர்?’ - பெருமூளை வாதம்: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

மைக்ரோசாஃப்ட் தலைமைச் செயல் அதிகாரி சத்ய நாதெல்லாவின் மூத்த மகன் ஜெயின், 1996 ஆகஸ்ட் 13-ம் தேதி பிறந்தார். எடை 3 பவுண்டு, அதாவது 1.4 கிலோகூட இல்லை. கருவில் இருந்தபோதே ஆக்சிஜன் கிடைக்காமல் போனதால் மூளை பாதிக்கப்பட்டிருந்தது. வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில் இருந்த ஜெயின், 2022-ல் இறந்தார். ‘நமக்கு ஏன் இப்படி நடந்தது?’ என்ற கேள்வியிலேயே சில ஆண்டுகள் சிக்கிக் கிடந்ததாகவும், நடந்தது தனக்கல்ல, மகனுக்குத்தான் என்பது பிறகே புரிந்ததாகவும் ‘ஹிட் ரீஃப்ரெஷ்’ புத்தகத்தில் நாதெல்லா எழுதியிருக்கிறார்.

ஜெயினுக்கு இருந்தது பெருமூளை வாதம். குழந்தைப் பருவத்தில் வரும் உடல் இயக்கக் குறைபாடுகளில் உலக அளவில் அதிகம் காணப்படுவது இதுதான். உலகம் முழுக்க 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் இதனுடன் வாழ்கிறார்கள். 1,000 குழந்தைகளில் 2 முதல் 3 பேருக்கு இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. உங்கள் அபார்ட்மென்டிலோ அலுவலகத்திலோ இப்படி ஒரு குழந்தை உள்ள குடும்பம் இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர்கள் வெளியே அதிகம் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

பெயரே கொஞ்சம் குழப்பம்

அரசு ஆவணங்களில் ‘மூளை முடக்குவாதம்’ என்று இருக்கும். டாக்டர்கள் ‘சி.பி.’ என்பார்கள். பழைய ஆட்களும் சிறப்புப் பள்ளிகளும் ‘ஸ்பாஸ்டிக்’ என்பார்கள். ராம் இயக்கத்தில் மம்மூட்டி நடித்த ‘பேரன்பு’ படத்தில் வரும் பாப்பாவுக்கு இருப்பதும் இதுதான். எல்லாம் ஒன்றுதான் என்று தெரியாமல், மூன்று ஆஸ்பத்திரியில் மூன்று நோய் சொன்னதாக நினைத்துத் தவிக்கும் பெற்றோர் உண்டு.

‘வாதம்’ என்ற சொல் இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. வாதம் என்றதும் எண்ணெய் தேய்க்கிறவரைத் தேடிப் போகிறோம். அல்லது இளம்பிள்ளை வாதம் எனும் போலியோவோடு சேர்த்துவிடுகிறோம். போலியோவில் வைரஸ் தண்டுவட நரம்பைத் தாக்குகிறது. கால் துவண்டு போகிறது. பெருமூளை வாதத்தில் காலில் எந்தக் கோளாறும் இல்லை. காலுக்கு உத்தரவு போடும் மூளைப் பகுதியில்தான் காயம். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் கருவிலோ, பிறக்கும்போதோ, பிறந்த முதல் சில வருடங்களிலோ ஏற்படும் அந்தக் காயம் நிரந்தரம். ஆனால் அது மேலும் பரவாது.

இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். காயம் கூடாது என்றாலும், உடலில் அதன் விளைவு கூடிக்கொண்டே போகலாம். எலும்பு வளரும் வேகத்துக்கு இறுகிய தசை வளராது. அதனால் 3 வயதில் நேராக இருந்த கால், 8 வயதில் மடங்கிவிடும். அதேநேரம், முன்பு உட்கார்ந்த, பேசிய குழந்தை திடீரென அதை இழந்தால் ‘சி.பி.தானே’ என்று விட்டுவிடக் கூடாது. அது வேறு மரபணு நோயாகவோ வளர்சிதைமாற்ற நோயாகவோ இருக்கலாம். மறுபடியும் பரிசோதிக்க வேண்டும்.

வகைகளைச் சுருக்கமாகச் சொன்னால்: சுமார் 80 சதவீதம் பேருக்குத் தசை இறுக்கம். ஒரு பக்கக் கை கால் மட்டும், இரண்டு கால்கள் அதிகமாக, அல்லது கை கால் நான்குமே என்று அது அமையும். சிலருக்கு உடல் தானாக முறுக்கி அசையும். மிகச் சிலருக்குத் தள்ளாட்டம். கலந்தும் வரும்.

அம்மா என்ன தப்பு செய்தார்?

ஒன்றுமில்லை. ‘கிரகணத்தப்போ வெளிய போனியா?’, ‘மாடி ஏறி இறங்குனியா?’ என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இந்தப் பகுதியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

லண்டனைச் சேர்ந்த எலும்பியல் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில், 1860-களின் தொடக்கத்தில், கஷ்டமான பிரசவத்துக்கும் குழந்தைகளின் இறுகிய கால்களுக்கும் தொடர்பு இருப்பதாக எழுதினார். நீண்டகாலம் இது ‘லிட்டில் நோய்’ என்றே அழைக்கப்பட்டது. 1897-ல் ஒருவர் அதை மறுத்தார்: பிரச்சினை பிரசவத்துக்கு முன்பே, கருவிலேயே தொடங்கியிருக்கலாம், கஷ்டமான பிரசவம் அதன் விளைவாகக்கூட இருக்கலாம் என்றார். அவர் வேறு யாருமல்ல, மனோதத்துவத்துக்கு வருவதற்கு முன்பு நரம்பியல் மருத்துவராக இருந்த சிக்மண்ட் ஃப்ராய்டு. பிற்கால ஆய்வுகள் பெரிதும் ஃப்ராய்டு பக்கமே நின்றன. பணக்கார நாடுகளில், பிறக்கும்போது மூச்சுத் திணறியதை மட்டும் காரணமாகச் சொல்லக்கூடியவர்கள் சுமார் 10 சதவீதம்தான்.

நம் நாட்டில் அந்தப் பங்கு கூடுதல். பிரசவ நேரத் தாமதம், பிறந்ததும் அழாத குழந்தைக்கு உடனே மூச்சு கொடுக்க ஆள் இல்லாமை, குறைமாதப் பிரசவம், இரட்டைக் கரு, கர்ப்பகாலத்தில் ரூபெல்லா போன்ற தொற்று, பிறந்த பின் மூளைக்காய்ச்சல், தலைக்காயம் எல்லாம் காரணங்கள்.

மஞ்சள் காமாலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு லேசாக மஞ்சள் வரும், போகும். ‘காலை வெயில்ல காட்டு, சரியாயிடும்’ என்பது வீட்டு வைத்தியம். ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து தூங்கினாலோ வெயில் போதாது. அன்றே ரத்தத்தில் பிலிருபின் அளவு பார்க்க வேண்டும். அளவு மிகவும் ஏறினால் அது மூளையில் படிந்து, உடல் முறுக்கும் வகைப் பெருமூளை வாதத்தையும் காது கேளாமையையும் கொண்டுவரும். நீல விளக்கின் கீழ் சில நாள் வைத்தாலே தடுக்கக்கூடிய ஒன்று இது. தாய்க்கு நெகட்டிவ் ரத்த வகை என்றால், ஆன்டி-டி ஊசியைப் பற்றிக் கர்ப்ப காலத்திலேயே கேட்டுவிடுங்கள்.

32 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகும் நிலையில் தாய்க்கு மெக்னீசியம் சல்ஃபேட் கொடுப்பது குழந்தையின் மூளையைக் காக்க உதவும். உலக சுகாதார அமைப்பும் பரிந்துரைக்கிறது. மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தையின் உடலை 72 மணி நேரம் குளிர்விக்கும் சிகிச்சை, மேலைநாடுகளில் நல்ல பலன் தந்தது. அதே சிகிச்சையை இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் சோதித்த ‘ஹீலிக்ஸ்’ ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. பலன் தெரியவில்லை, குளிர்விக்கப்பட்ட குழுவில் இறப்புதான் அதிகம். அங்கே வேலை செய்தது இங்கேயும் அப்படியே வேலை செய்யும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

4 - 5 மாதத்திலும் தலை நிற்கவில்லை. 4 மாதம் கடந்தும் கை விரல்கள் இறுக மூடியே இருக்கின்றன. தூக்கினால் இரண்டு கால்களும் கத்தரிக்கோல் மாதிரிக் குறுக்கே போகின்றன. 9 மாதத்திலும் பிடிக்காமல் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு முறை பால் குடிக்கும்போதும் புரையேறுகிறது. இதில் எது இருந்தாலும் குழந்தை நல மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒன்று மட்டும் பலரை ஏமாற்றிவிடும்: 1 வயதுக்கு முன்பே குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது. ‘எங்க குடும்பத்துல எல்லாருக்கும் இடது கைப் பழக்கம்’ என்று சந்தோஷப்படுவோம். அந்த வயதில் கைப் பழக்கம் உருவாகியிருக்கக் கூடாது. இன்னொரு கை ஏன் வேலை செய்யவில்லை என்பதுதான் கேள்வி.

குறைமாதக் குழந்தைக்குக் கணக்கு வேறு. 2 மாதம் முன்கூட்டிப் பிறந்திருந்தால், 8 மாதக் குழந்தையை 6 மாதக் குழந்தையாக எண்ண வேண்டும். இதை மறந்தால் வீண் பயம். இதையே சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தால் வீண் தாமதம்.

‘2 வயசு ஆகட்டும், அப்புறம் பாக்கலாம்’ என்ற ஆலோசனைக்குக் காலம் முடிந்துவிட்டது. குழந்தை படுத்தபடி தானாகக் கை கால் ஆட்டுவதை வீடியோ எடுத்துப் பார்க்கும் முறை, ‘ஹைன்’ எனும் நரம்பியல் பரிசோதனை, எம்ஆர்ஐ ஸ்கேன் - இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் 6 மாதத்துக்கு முன்பே பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது. சிலருக்கு எம்ஆர்ஐ நார்மலாகவே இருக்கும். அதனால் மட்டும் பாதிப்பு இல்லை என்று ஆகிவிடாது.

அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு வீடு திரும்பும் குழந்தை, பார்க்க நன்றாகவே இருந்தாலும், அங்கே தொடர் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

நடக்குமா, நடக்காதா?

எல்லாப் பெற்றோரும் கேட்கும் முதல் கேள்வி. இதற்கு ஓரளவு நேர்மையான பதில் சொல்ல ஒரு அளவுகோல் இருக்கிறது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு 1997-ல் வெளியிட்ட ‘ஜி.எம்.எஃப்.சி.எஸ்.’ அது. லெவல் 1 என்றால் நடப்பார், படி ஏறுவார், ஓடும்போதுதான் சிரமம். லெவல் 3 என்றால் வாக்கர் போன்ற துணையோடு நடப்பார். லெவல் 5 என்றால் தலையை நிறுத்தவே உதவி தேவை. ‘மைல்டா, சிவியரா?’ என்று கேட்பதைவிட ‘எந்த லெவல்?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். மொத்தத்தில், மூன்றில் இரண்டு பேர் ஏதோ ஒரு வகையில் நடக்கிறார்கள்.

அதே குழு 2002-ல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடங்கள் இன்னொன்றைக் காட்டின. ஒரு குழந்தை எட்டக்கூடிய இயக்கத் திறனில் 90 சதவீதத்தை 5 வயதுக்குள் எட்டிவிடுகிறது. கடுமையான பாதிப்பு என்றால் 3 வயதுக்குள்ளேயே. முதல் சில வருடங்களை வீணடிக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஆனால் அந்த வருடங்களை எதில் செலவழிக்கிறோம்? மேஜையில் படுக்க வைத்து, தெரபிஸ்ட் கை காலை நீட்டி மடக்க, குழந்தை அழ, அம்மா வெளியே காத்திருப்பது - ஃபிசியோதெரபி என்றால் பலருக்கும் இந்தக் காட்சிதான். மூளை புது வழி கண்டுபிடிப்பது, குழந்தை தானே முயலும்போதுதான். தனக்கு வேண்டிய ஒன்றுக்காக, தானே, திரும்பத் திரும்ப. பந்தை எட்டிப் பிடிப்பது, டம்ளரைத் தூக்குவது, ஸ்டூலிலிருந்து எழுவது மாதிரி. ஒரு பக்கம் மட்டும் பாதித்த குழந்தைக்கு, நல்ல கையைத் தினமும் கொஞ்ச நேரம் கையுறை போட்டு ஓய்வு கொடுத்துவிட்டு, பலவீனமான கையை விளையாட விடுவார்கள். நல்ல பலன் தரும் முறை இது. தெரபி மையத்தில் வாரம் இரண்டு மணி நேரம் நடப்பதைவிட, வீட்டில் குளியல், சாப்பாடு, விளையாட்டு நேரத்தில் நடப்பதுதான் அதிகம். எனவே தெரபிஸ்டிடம் கேட்க வேண்டிய கேள்வி: ‘வீட்ல இந்த வாரம் நாங்க என்ன செய்யணும்?’

இறுக்கத்தைக் குறைக்க பேக்லோஃபென் மாத்திரை, போடாக்ஸ் ஊசி இருக்கின்றன. போடாக்ஸின் பலன் சில மாதங்கள்தான். அந்த இடைவெளியில் பயிற்சி நடக்காவிட்டால் ஊசிக்குச் செய்த செலவு வீண். கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட், தேவைப்பட்டால் எலும்பு - தசை அறுவை சிகிச்சை ஆகியவையும் உண்டு.

யாரும் பார்க்காத இடுப்பு

காலை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும்போது, மேலே இடுப்பு மூட்டு மெதுவாகக் கிண்ணத்தைவிட்டு நழுவிக்கொண்டிருக்கும். மூன்றில் ஒரு குழந்தைக்கு இது நடக்கிறது. லெவல் 1-ல் ஏறக்குறைய இல்லை; லெவல் 5-ல் 90 சதவீதம் வரை. ஆரம்பத்தில் வலிக்காது என்பதுதான் ஆபத்து. வலி தெரியும்போது குழந்தையால் உட்கார முடியாது, டயப்பர் மாற்றவே கதறும். நடக்க முடியாத குழந்தை என்றால் 2 வயதுக்குள் ஒரு எக்ஸ்-ரே, பிறகு 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது வழக்கம். செலவு குறைவு. ஆனால் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

சாப்பாடும் அப்படித்தான். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால் மேல் மல்லாக்கப் போட்டு, பாலாடையாலோ சங்காலோ ஊற்றுவது நம் வீடுகளில் பழக்கம். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்கு இது ஆபத்து. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய் திறந்துகொள்ளும். கஞ்சி நுரையீரலுக்குப் போகும். மாதம் ஒருமுறை ‘சளி, காய்ச்சல்’ என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் குழந்தைகள் சிலருக்கு உண்மையான காரணம் இதுவாக இருக்கலாம். முதுகு நேராக, தாடை லேசாகக் கீழ்நோக்கி இருக்கும்படி உட்கார வைத்து, எதிரே அமர்ந்து, சிறு ஸ்பூனில் கொடுக்க வேண்டும். தண்ணீர் போல ஓடுவதைவிட, கெட்டியான கேழ்வரகுக் கூழ் பலருக்கு எளிதாக இறங்கும். எது எவ்வளவு கெட்டி என்பதைப் பேச்சுப் பயிற்சி நிபுணர் பார்த்துச் சொல்வார். ஆமாம், விழுங்குவதும் அவர்கள் துறைதான்.

நான்கில் ஒருவருக்கு வலிப்பு நோயும் இருக்கும். நான்கில் மூன்று பேருக்கு ஏதோ ஒரு வலி. பேசாத குழந்தை இரவெல்லாம் அழுதால் அதைப் ‘பிடிவாதம்’ என்று சொல்லிவிடுகிறோம். மலச்சிக்கல், பல், இடுப்பு - மூன்றையும் முதலில் பாருங்கள்.

பேச்சு வராது என்றால் புரியாது என்று அர்த்தமில்லை

வாயோரம் எச்சில் வழிந்தால் அறிவு குறைவு என்று முடிவுகட்டும் பழக்கம் நமக்கு இருக்கிறது. எச்சில் வழிவது வாய்த் தசைப் பிரச்சினை. பெருமூளை வாதம் உள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடு உண்டு. மீதிப் பாதிக்கு இல்லை. நான்கில் ஒருவருக்குப் பேச்சு வராது. இந்த இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மும்பையைச் சேர்ந்த மாலினி சிப், இரண்டு முதுநிலைப் பட்டங்கள் பெற்றவர். ஒரே விரலால் தட்டச்சு செய்து தன் வாழ்க்கையை எழுதினார். புத்தகத்தின் பெயரே ‘ஒன் லிட்டில் ஃபிங்கர்’. அவருடைய அம்மா மிது அலூர்தான் 1972-ல் இந்திய ஸ்பாஸ்டிக் சங்கத்தைத் தொடங்கியவர். சென்னையில் 1985-ல் தொடங்கி இன்று ‘வித்யாசாகர்’ என்ற பெயரில் இயங்கும் அமைப்பும் அந்த வழியில் வந்தது. படங்களைத் தொட்டால் குரலாக மாற்றும் ‘ஆவாஸ்’ செயலி உருவானதும் சென்னையில்தான். டேப்லெட் இல்லையென்றால், ‘ஆமா’, ‘வேணாம்’, ‘வலிக்குது’, ‘தண்ணி’, ‘போதும்’ என்று ஐந்து படம் ஒட்டிய அட்டை போதும், தொடங்கிவிடலாம். கண்ணால் காட்டினாலும் அது பதில்தான். படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி நடப்பதில்லை.

ஸ்டெம் செல் விளம்பரம் வந்ததா?

சி.பி. என்று ஒருமுறை கூகுள் செய்தாலே அடுத்த நாள் ஃபேஸ்புக்கில் வந்துவிடும். லட்சக்கணக்கில் கேட்பார்கள். நகையை அடகு வைத்தும், ஊரில் இருக்கும் நிலத்தை விற்றும் கட்டுகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: சில ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்டவற்றைத் தவிர, ஸ்டெம் செல்லை முறையான ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது. ஆய்வில் சேர்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. ஆகவே யாராவது பில் போட்டால், அது ஆய்வும் இல்லை, அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையும் இல்லை. அழுத்தமான ஆக்சிஜன் அறையில் உட்கார வைக்கும் சிகிச்சையும், கனடாவில் சாதாரணக் காற்றோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது கூடுதல் பலன் தரவில்லை.

இந்தப் பணத்தில் ஒரு நல்ல சக்கர நாற்காலி, சில வருடத் தெரபி, வீட்டுக் குளியலறையில் கைப்பிடி, வாசலில் சாய்தளம் எல்லாம் முடிந்துவிடும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் பெருமூளை வாதம் ஒன்று. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்று சான்று பெற்றால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, உயர்கல்வியில் 5 சதவீதம், அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் பங்கு. முதலில் வாங்க வேண்டியது யு.டி.ஐ.டி. அட்டை. அதன்பின் நேஷனல் டிரஸ்டின் ‘நிராமயா’ காப்பீடு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபி செலவும் அதில் வரும். தமிழக அரசு சிறப்புச் சக்கர நாற்காலியும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகையும் தருகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

சம்பளம் வாங்குபவர்கள் கவனிக்க: வருமான வரிப் பிரிவு 80டிடி-யில் 75,000 ரூபாய், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். பழைய வரி முறையில் மட்டும்தான். ஹெச்.ஆர். அனுப்பும் படிவத்தில் புதிய முறையை டிக் செய்வதற்கு முன் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், எழுத உதவியாளரும் கேட்டுப் பெறலாம்.

காகிதத்தில் உள்ள உரிமை வாசலில் என்ன ஆகிறது என்பதற்கு ஒரு வழக்கு. பெருமூளை வாதம் உள்ள செயற்பாட்டாளர் ஜீஜா கோஷ், 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து கோவாவுக்கு ஒரு மாநாட்டுக்குக் கிளம்பினார். விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, பயணம் செய்யும் நிலையில் இல்லை என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2016-ல் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவானது.

18 வயதுக்குப் பிறகு?

பெரும்பாலான கட்டுரைகள் குழந்தையோடு நின்றுவிடும். சிகிச்சையும் அப்படித்தான் நிற்கிறது. பெருமூளை வாதம் உள்ளவர்களில் பெரும்பாலானோர் பெரியவர்களாகி, நடுவயதைத் தாண்டியும் வாழ்கிறார்கள். குழந்தை நல மருத்துவர் ‘இனிமே பெரியவங்க டாக்டர்கிட்ட போங்க’ என்பார். அந்த டாக்டருக்கு சி.பி. பரிச்சயம் இருக்காது. 20-களில் நன்றாக நடந்தவர் 30-களில் களைப்பு, முதுகு, மூட்டு வலியால் நடை குறைந்து போவது சாதாரணம். அந்த வயதில் சக்கர நாற்காலிக்கு மாறுவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; ஆபீஸ் போய்வர மிச்சமாகும் சக்தி அது.

இன்னொரு நடைமுறை விஷயம். 18 வயது முடிந்ததும், சட்டப்படி அப்பா - அம்மா இயல்பாகவே பாதுகாவலர் அல்ல. சொந்தமாக முடிவெடுக்கக்கூடியவருக்கு அதில் பிரச்சினை இல்லை. கையெழுத்துப் போட முடியாவிட்டால் கைரேகை வைத்து அவரே வங்கிக் கணக்கு நடத்தலாம். அறிவுத்திறன் பாதிப்பும் சேர்ந்து இருப்பவர் என்றால், நேஷனல் டிரஸ்ட் சட்டம் 1999-ன்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் ஆணை பெற வேண்டும். பிள்ளைக்கு 17 நடக்கும்போதே ஆதார், யு.டி.ஐ.டி., மருத்துவச் சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வைத்துக்கொண்டால், அலைச்சல் பாதியாகக் குறையும்.